கையைத் தளர்த்தும் கலை: செவ்வியல் டிரஸ்ஸாஜ் முறையில் குதிரையைப் பயிற்றுவித்தல்

முதுகில் ஒரு மனிதரைச் சுமப்பதற்கென்று அமையாத ஓர் உடலை, அந்தச் சுமையால் கெட்டுப்போகாமல், ஆண்டுக்கு ஆண்டு வலுவும் அழகும் கூடும்படி வளர்த்தெடுக்கும் உடற்பயிற்சி முறையே செவ்வியல் டிரஸ்ஸாஜ். வித்தை காட்டுவதற்காக அது தோன்றவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், வற்புறுத்திச் செய்விக்கும் எதையும் குதிரை புரிந்துகொள்வதில்லை என்றும், நடனமாடுபவரைச் சாட்டையால் அடித்து ஆடவைப்பதில் எவ்வளவு அழகு இருக்குமோ அவ்வளவுதான் அதிலும் இருக்கும் என்றும் எழுதிவைத்தார். பிறகு அந்த அறிவு நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. 16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் கலை மீண்டும் தலையெடுத்தபோது அதனுடன் கொடிய கடிவாளங்களும் தண்டனைகளும் சேர்ந்தே வந்தன. பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த அந்துவான் தெ புளுவினெல், அவருக்குப் பின் 18ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சுவா ரொபிஷோன் தெ லா கெரினியெர் ஆகியோர்தாம் அதைப் பொறுமையின் பக்கம் திருப்பினார்கள். 1565 முதல் ஆவணச் சான்றுள்ள வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி, பிரான்சின் சொமூர், ஸ்பெயினின் ஹெரெஸ், போர்ச்சுகலின் லிஸ்பன் ஆகிய இடங்களில் இம்மரபு இன்றும் அன்றாடப் பணியாக நடைபெற்றுவருகிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு சோதனையைச் சுற்றியே அமைந்துள்ளது. குதிரையிடம் ஒன்றைக் கேட்கிறீர்கள், அது தருகிறது, உடனே கையையோ காலையோ இரண்டு மூன்று அடிகளுக்குத் தளர்த்திவிட்டு, தந்தது நிலைக்கிறதா என்று கவனியுங்கள். நிலைத்தால் அந்தப் பாடம் குதிரையின் உடலில் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கலைந்துவிட்டால், அதுவரை நீங்கள்தான் அதைப் பிடித்துவைத்திருந்தீர்கள். லா கெரினியெர் விவரித்த 'கையிறக்கம்' இதுவே. அடுத்த படிக்கு ஏறலாமா, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டுமா என்பதை நாள்காட்டியிடம் கேட்காமல் இந்தச் சோதனையிடம் கேட்பதே பாதுகாப்பான வழி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் குதிரையின் உடல்

மனிதருக்குள்ள காறையெலும்பு குதிரைக்கு இல்லை. அதன் மார்புக்கூடு இரு முன்னங்கால்களுக்கும் நடுவே தசைகளாலும் தசைநார்களாலும் தொங்கவிடப்பட்டிருக்கிறது. நிற்கும் குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. மனிதர் ஏறி அமர்ந்ததும் அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. பயிற்சி பெறாத குதிரை முதுகைத் தொய்யவிட்டு, முன்பாரத்தோடு ஓடும்போது முன்னங்கால் மூட்டுகளும் நார்களும் தேய்கின்றன. இதற்கு மாற்றாக, பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே முன்னோக்கி வைத்து, இடுப்பு, முழங்கால், கணு ஆகிய மூன்று மூட்டுகளையும் மடக்கிச் சுமையின் ஒரு பங்கைப் பின்னால் ஏற்கக் கற்பதையே கலெக்‌ஷன் என்கிறோம். அதற்குத் தேவையான தசை சில மாதங்களில் வளர்ந்துவிடும். எலும்பும் தசைநாரும் அதைவிட மிக மெதுவாகவே பழகும். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுமையாக மூடுவதற்கு ஏறத்தாழ ஐந்தரை வயதாகும். ஆகவே மூன்று வயதுக் குட்டியின் பணிவைப் பார்த்து, அதன் உடலும் தயாராகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் பற்கள், குளம்புகள், முதுகு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சேணம் முதுகெலும்பைத் தொடாமல் இருபுறமும் சமமாகப் படிந்திருக்க வேண்டும். மூக்குப்பட்டை மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்க வேண்டும். பட்டையை இறுக்கினால் வாய் மூடிக்கொள்ளும். ஆனால் வாயைத் திறந்து குதிரை சொல்லவந்த குறையும் அதோடு மறைந்துபோகும்.

பயிற்றுவிப்பவரின் இருக்கை

வியன்னா பள்ளியில் புதிய மாணவர்கள் தொடக்கத்தில் நீண்ட காலம், நீள்கயிற்றில் சுற்றிவரும் குதிரையின் மேல், அங்கவடியும் வாரும் (கடிவாளத்திலிருந்து கைக்கு வரும் பட்டை) இல்லாமல் அமர்ந்தே கற்கிறார்கள். சமநிலை இல்லாத உடல் தன்னையறியாமல் வாரைப் பிடித்துத் தொங்கும், அந்த இழுப்பு நேராகக் குதிரையின் வாய்க்குப் போய்ச் சேரும் என்பதே இதற்குக் காரணம். காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைய வேண்டும். இரு இடுப்பெலும்புகளிலும் எடை சமமாக இருக்க வேண்டும். முழங்கை உடலை ஒட்டி, ஆனால் இறுகாமல், குதிரையின் தலையசைவோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வர வேண்டும்.

இருக்கையை வளர்க்கும்போதே பின்னங்கால்களை உணரவும் பழகிக்கொள்ளுங்கள். குதிரையை நடக்கவிட்டுக் கண்களை மூடுங்கள் (வேறொருவர் குதிரையைப் பிடித்து நடத்தட்டும்). இடது பின்னங்கால் முன்னே வரும்போது குதிரையின் வயிறு வலப்பக்கம் ஊசலாடும். உங்கள் இடது இடுப்பு சற்றே கீழிறங்கும். அந்தக் கணத்தில் 'இடம்' என்று சொல்லுங்கள். உடன் நடப்பவர் சரியா தவறா என்று கூறட்டும். இது சலிப்பூட்டும் பயிற்சிதான். இருந்தாலும் இதைத் தவிர்த்தவர்கள் பிற்பாடு எதையும் உரிய நேரத்தில் கேட்க இயலாமல் தவிப்பார்கள். தரையை விட்டு எழும் காலின் போக்கை மட்டுமே மாற்ற முடியும், ஊன்றிய காலை மாற்ற முடியாது என்பதால், உங்கள் காலின் அழுத்தம் அந்தக் கணத்தில் விழுந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

தரையில் தொடங்கும் பாடம்

இளங்குதிரைக்கு முதல் பாடம் லஞ்சிங் எனப்படும் நீள்கயிற்றுப் பயிற்சி. மூக்கின் மேல் வளையம் கொண்ட கேவசன் தலைக்கட்டை அணிவித்து, அந்த வளையத்தில் கயிற்றைப் பிணைப்பதே சிறந்தது; கடிவாள இரும்பில் பிணைத்தால் ஒவ்வொரு அதிர்வும் வாயைத் தாக்கும். வட்டத்தின் குறுக்களவு 15 முதல் 20 மீட்டர் வரை இருக்கட்டும். அதைவிடச் சிறிய வட்டம் இளம் மூட்டுகளை முறுக்கிவிடும். ஒவ்வொரு திசையிலும் சில நிமிடங்கள், நடுநடுவே நின்று தட்டிக்கொடுத்தல், மொத்தம் 20 நிமிடங்களுக்கு மிகாமல் நிறுத்துதல் என்பது போதுமான அளவு. சவுக்கு அடிப்பதற்கானது அன்று. வட்டத்தின் நடுவிலிருந்து நீளும் ஒரு கையாக அது பின்னங்காலைச் சுட்டிக்காட்டினால் போதும்.

இங்கே நீங்கள் தேட வேண்டியது இறுக்கம் விலகும் கணம். முதலில் குதிரை தலையை உயர்த்தி, வெளியே பார்த்தபடி, குறுகிய வேகமான அடிகளில் ஓடும். நீங்கள் அவசரப்படாமல் குரலைத் தணித்துக் காத்திருந்தால், ஐந்தாறு சுற்றுகளுக்குப் பின் ஒரு பெருமூச்சோ மூக்குச் சீறலோ கேட்கும். கழுத்து மெல்ல நீண்டு கீழிறங்கும்; தாடை அசையத் தொடங்கும்; உதட்டோரம் நுரை கோக்கும்; இடுக்கி வைத்திருந்த வால் தளர்ந்து, முதுகின் அசைவுக்கேற்ப இருபுறமும் ஆடும். மிதமான ஓட்டமாகிய டிராட்டில் பின்னங்குளம்பு, அதே பக்கத்து முன்னங்குளம்பு பதித்த தடத்தையே வந்து மிதிக்கும். மணலில் அந்தத் தடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலேறிய பின்னும் நீங்கள் திரும்பத் திரும்பத் தேடப்போவது இந்த உடல்நிலையைத்தான்.

முதல் ஆண்டு: முன்னோக்கி, நேராக

மேலேறிய முதல் ஆண்டில் இறுக்கமான வளைவும் பக்கவாட்டு அசைவும் வேண்டாம். நீண்ட நேர்கோடுகள், பெரிய வட்டங்கள், திறந்தவெளியில் மேடும் பள்ளமுமான நடை, எழுந்து அமரும் டிராட் ஆகியவை போதும். ஜெர்மானிய மரபு பயிற்சியின் படிகளைத் தாளம், தளர்வு, தொடர்பு, உந்துவிசை, நேர்த்தன்மை, கலெக்‌ஷன் என்று வரிசைப்படுத்துகிறது. முதல் மூன்றையும் உறுதிப்படுத்தினால் இந்த ஆண்டு வெற்றிதான். நடையில் நான்கு தாளம், டிராட்டில் இரண்டு, அதைவிட வேகமான துள்ளோட்டமாகிய கேண்டரில் மூன்று என்ற எண்ணிக்கை மாறாமல் கேட்க வேண்டும். நடை மிக எளிதில் கெடும். கெட்டால் திருத்துவது மிகக் கடினம். வாரை இழுத்துக் குறுக்கினால் ஒரே பக்கத்து இரு கால்களும் ஒன்றாக நகரத் தொடங்கிவிடும். ஆகவே இளங்குதிரையை நடையில் வைத்துத் தலையைச் சேர்க்க முயலாதீர்கள். நீண்ட வாரில் நடக்கவிடுங்கள்.

தொடர்பு என்பது குதிரை தானே முன்னோக்கி நீண்டு கடிவாள இரும்பைத் தேடி வருவது. காதுகளுக்குப் பின்னுள்ள உச்சிப்பகுதியே கழுத்தின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க, நெற்றிக்கோடு செங்குத்துக்குச் சற்று முன்னால் நிற்பதே மரபு கூறும் நிலை. தாடை மார்பை நோக்கி மடங்கிய கழுத்து பார்வைக்குப் பணிவாகத் தோன்றலாம். ஆனால் அந்த நிலையில் முதுகு வேலை செய்வதில்லை, குதிரைக்கு முன்னே பார்க்கவும் முடிவதில்லை. வலிந்து கழுத்தை அளவுக்கு மீறி மடக்குவதை ஏற்க முடியாது என்று பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-இல் அறிவித்தது. பழைய ஆசான்களுக்கு அந்த அறிவிப்பு தேவைப்பட்டிருக்காது.

இந்தப் படிக்கான சோதனை எளியது. டிராட்டில் செல்லும்போது விரல்களைத் திறந்து வாரைச் சிறிது சிறிதாக நழுவவிடுங்கள். குதிரை வேகம் மாற்றாமல் கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டிக் கடிவாளத்தைப் பின்தொடர்ந்தால் முதுகு வேலை செய்கிறது என்று அறியலாம். தலையைச் சட்டென்று தூக்கினாலோ ஓடத் தொடங்கினாலோ, தளர்வுப் பாடத்துக்கே திரும்புங்கள்.

அரைநிறுத்தம்

பின்னர் வரும் எல்லாப் பயிற்சிகளையும் அரைநிறுத்தமே தாங்கி நிற்கிறது. அதைப் பலர் வாரை இழுப்பதாகப் புரிந்துகொள்வது வருந்தத்தக்கது. முதுகை நிமிர்த்தி மூச்சை ஆழ இழுங்கள். உங்கள் இடுப்பு, குதிரையின் அசைவைப் பின்தொடர்வதை ஒரு கணம் நிறுத்தட்டும். கால்கள் விலாவை விட்டு அகலாமல் மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். விரல்கள் வாரின் மேல் மூடிக்கொள்ளட்டும். ஓர் அடி நேரம், அவ்வளவே. குதிரை செவிசாய்த்ததும் உடனே விரல்களைத் திறந்துவிடுங்கள்; செவிசாய்க்கவில்லை என்றாலும் திறந்துவிட்டு, அடுத்த அடியில் மீண்டும் கேளுங்கள். பிடித்தபடியே காத்திருந்தால் குதிரை உங்கள் கையை ஐந்தாவது காலாக்கி அதில் சாய்ந்துகொள்ளும். அழுத்தம் விலகும் கணத்தில் தான் செய்துகொண்டிருந்ததையே குதிரை சரியான விடை என்று பதித்துக்கொள்கிறது. எனவே தாமதமாகத் தளர்த்தும் கை தவறான விடையைக் கற்பிக்கிறது. தளர்த்தவே செய்யாத கை எதையும் கற்பிப்பதில்லை.

நடையிலிருந்து நிற்றல், நின்றதிலிருந்து டிராட், டிராட்டிலிருந்து நடை என்று மாற்றங்களை நிறையச் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் இரண்டு மூன்று அரைநிறுத்தங்கள் வரட்டும். சில வாரங்களில் மூச்சும் முதுகும் மட்டுமே போதும் என்ற நிலை வரும்.

ஷோல்டர்-இன்

பெரும்பாலான குதிரைகள் பிறவியிலேயே ஒரு பக்கம் உட்குழிந்தும் மறுபக்கம் விறைத்தும் இருக்கின்றன. அதோடு குதிரையின் தோள் இடுப்பைவிடக் குறுகலானது. தோளும் இடுப்பும் சுவரிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும்படி குதிரை சென்றால், அதன் உடல் கோணலாகத்தான் இருக்கும்; ஒரு பின்னங்கால் சுமையேற்காமல் பக்கவாட்டில் தப்பிக்கும். இதைத் திருத்த இடுப்பைத் தள்ளக் கூடாது. தோள்களை இடுப்புக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய ஆசான் குஸ்டாவ் ஸ்டைன்பிரெஹ்ட், குதிரையை முன்னோக்கிச் செலுத்தி நேராக்கு என்று கூறியதன் உட்பொருள் இதுவே.

அதற்குரிய கருவியாக அமைந்தது ஷோல்டர்-இன். நியூகாசில் பிரபு வில்லியம் கேவண்டிஷ் வட்டத்தில் செய்துவந்ததை எடுத்து நேர்கோட்டில் அமைத்தவர் லா கெரினியெர். எல்லாப் பாடங்களிலும் முதலாவதும் இறுதியானதும் இதுவே என்று அவர் கருதினார். குதிரை சுவரோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில், தோள்கள் உள்ளே வர, உடல் முழுவதும் உங்கள் உள்காலைச் (மைதானத்தின் நடுப்பக்கம் உள்ள காலை) சுற்றி மெல்ல வளைந்து முன்செல்கிறது. எதிரே நின்று பார்ப்பவருக்கு மூன்று தடங்கள் தெரியும்: சுவரோரம் வெளிப் பின்னங்கால், நடுவில் உள் பின்னங்காலும் வெளி முன்னங்காலும் ஒரே கோட்டில், உள்ளே தனியாக உள் முன்னங்கால்.

நடையில் தொடங்குங்கள். மைதானத்தின் மூலையில் 10 மீட்டர் வட்டம் ஒன்று போடுங்கள். வட்டம் முடிந்து, இரண்டாவது வட்டத்தின் முதல் அடியை எடுத்துவைத்து, முன்னங்கால்கள் சுவரை விட்டு விலகிய அந்தக் கணத்தில் ஓர் அரைநிறுத்தம் கொடுங்கள். பின் உள்காலால், உள் பின்னங்கால் தரையை விட்டெழும் நொடியில், சுவரையொட்டிச் செல்லுமாறு கேளுங்கள். வெளிவார் தோளின் போக்கைத் தீர்மானிக்கிறது. உள்வார் நெற்றியின் திசையைக் காட்டுகிறது, அதைவிட அதற்கு வேலை இல்லை. உங்கள் தோள்கள் குதிரையின் தோள்களுக்கு இணையாகவும் இடுப்பு அதன் இடுப்புக்கு இணையாகவும் இருக்கட்டும். மூன்று அல்லது நான்கு அடிகள் கிடைத்தால் போதும். வட்டத்திற்குள் சென்று, வாரை நீட்டித் தட்டிக்கொடுங்கள். முதல் வாரத்திலேயே மைதானத்தின் நீளம் முழுவதும் செய்யவைப்பவர்கள், குதிரை சாய்ந்தும் நழுவியும் தப்பிக்கும் வழிகளை அதற்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

மிகப் பரவலான பிழை கழுத்தை மட்டும் வளைப்பது. உள்வாரை இழுத்தால் தலை உள்ளே வரும், தோள் சுவரோரமே தங்கிவிடும். பார்ப்பதற்கு ஷோல்டர்-இன் போலத் தோன்றினாலும் உள் பின்னங்காலுக்கு அதில் வேலையே இல்லை. கோணம் மிகும்போது நேர்வது வேறு வகைப் பிழை: பின்னங்கால்கள் ஒன்றையொன்று கடந்து பக்கவாட்டில் நழுவுகின்றன, சுமை ஏற்பதில்லை. மேலிருப்பவர் உள்பக்கம் இடுப்பொடிந்து சரிவதும் அடிக்கடி நிகழ்வது. உடன் ஒருவர் இல்லாமல் அதைத் தானே கண்டுகொள்வது அரிது. சோதனைக்கு, ஷோல்டர்-இன் நடுவில் உள்கையை இரண்டு அடிகளுக்கு முன்னே நீட்டி, அந்த வாரை முற்றிலும் தொய்யவிடுங்கள். வளைவும் கோணமும் மாறவில்லை என்றால், உள் பின்னங்கால் வயிற்றின் நடுவை நோக்கி அடியெடுத்து, அந்தப் பக்க இடுப்பைத் தாழ்த்திச் சுமை ஏற்கிறது என்று நம்பலாம். விறைத்த பக்கத்தில் இந்த நிலை வருவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். குழிந்த பக்கத்தில் அதிகம் செய்து மகிழ்வதைவிட, விறைத்த பக்கத்தில் சில நல்ல அடிகளைக் காத்திருந்து பெறுவதே பயன் தரும்.

இதன்மேல் டிராவர், ரான்வர், ஹாஃப்-பாஸ் ஆகிய பக்கவாட்டு அசைவுகளைக் கட்டலாம். அவை மூன்றிலும் குதிரை தான் செல்லும் திசையை நோக்கி வளைகிறது; அதனால் வெளி பின்னங்கால் கூடுதலாகச் சுமை ஏற்கிறது. உந்துவிசை குறைவதாகத் தோன்றிய உடனே நேராக்கி, முன்னோக்கிய டிராட்டில் சிறிது தூரம் செல்லுங்கள்.

கேண்டரும் கால் மாற்றமும்

நடையிலிருந்து நேரே கேண்டருக்கும், கேண்டரிலிருந்து நேரே நடைக்கும் அமைதியாக மாற முடிந்த பிறகே பறக்கும் கால் மாற்றத்தை, அதாவது கேண்டரின் நடுவிலேயே முன்னிற்கும் காலை மாற்றுவதை, நினைக்க வேண்டும். எதிர்க்கால் கேண்டரில், அதாவது வளைவுக்கு வெளிப்புறக் கால் முன்னிற்கும் கேண்டரில், சமநிலை குலையாமல் மூலைகளைக் கடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கேண்டரின் மூன்று தாளத்துக்குப் பின் நான்கு கால்களும் தரையை விட்டிருக்கும் ஒரு கணம் வருகிறது. மாற்றம் நிகழ்வது அதில்தான். முன்னங்கால் முந்தி, பின்னங்கால் ஓரடி பிந்தி மாறினால் அது பிழை. மேலும் பழக்கிக் கெடுப்பதைவிட, கேண்டரின் துள்ளலை வளர்க்கத் திரும்புங்கள். ஒரு மாற்றம் இருபுறமும் நேராகவும் அமைதியாகவும் வந்த பின் நான்கு அடிக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று படிப்படியாக நெருக்கலாம். போட்டியின் உச்சமான கிராண்ட் பிரியில் அடிக்கு ஒன்றாக 15 மாற்றங்கள் கேட்கப்படுகின்றன.

பியாஃப், பாஸாஜ், அவற்றுக்கு அப்பால்

ஏறத்தாழ நின்ற இடத்திலேயே, மூலைவிட்டக் கால்கள் சேர்ந்தெழும் டிராட் போன்ற அசைவு பியாஃப். இதைத் தரையில் நின்று, சுவரோரம் தொடங்குவதே வியன்னாவின் மரபு. முதுகில் சுமை இல்லாததால் குதிரை எளிதாக இடுப்பைத் தாழ்த்தக் கற்கிறது; பயிற்றுவிப்பவருக்கும் பின்னங்கால்கள் கண்முன்னே தெரிகின்றன. நடையைச் சிறிது சிறிதாகக் குறுக்கி, குச்சியால் பின்னங்காலை மெல்லத் தொட்டு, இரண்டு மூன்று டிராட் அடிகளைக் கேளுங்கள். ஒவ்வொரு அடியும் ஒரு கையளவாவது முன்னே செல்லட்டும். கிடைத்த கணமே நிறுத்தி, கடிவாளத்தைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக்கொடுங்கள். கிராண்ட் பிரி கேட்கும் 12 முதல் 15 அடிகளுக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வால் சுழலுதல், பற்களை நறநறத்தல், பின்னங்கால்கள் அகன்று ஊன்றுதல், முன்னங்கால்கள் உடலுக்கு அடியில் பின்வாங்குதல் ஆகிய எதைக் கண்டாலும் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள். இடுப்பு தாழாமல் பின்புறம் மட்டும் துள்ளும் பியாஃப் கைதட்டல் பெறலாம். உடற்பயிற்சியாக அதற்கு மதிப்பில்லை. மேலேறிச் செய்யும்போது கையை இறக்கிப் பாருங்கள்: குதிரை தாளம் மாறாமல் இரண்டு அடிகள் தொடர்ந்து, வார் நீண்டதும் தயங்காமல் முன்னே டிராட்டில் செல்ல வேண்டும். முன்னே செல்ல மறுக்கும் பியாஃப், அடக்கிவைத்த பியாஃப். பாஸாஜ் எனும் உயர்ந்த மிதப்பான டிராட், நல்ல பியாஃப் உள்ள குதிரைக்கு அதிலிருந்து முன்னோக்கி அனுப்பும்போது பெரும்பாலும் தானே கிடைத்துவிடுகிறது.

இந்த இடம்வரை வருவதற்கு வியன்னாவின் லிப்பிசானர் குதிரைகளுக்கே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றிலும் சிலவே தரைக்கு மேலான அசைவுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன: பின்னங்கால்களை ஆழமாக மடக்கி, உடலை ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரை உயர்த்தி நிற்கும் லெவாட், பின்னங்கால்களில் முன்னோக்கித் துள்ளும் குர்பெட், காற்றில் பின்னங்கால்களை உதைத்து நீட்டும் கேப்ரியோல். இவை பியாஃபில் தானாகவே அந்த விருப்பத்தைக் காட்டும் குதிரைக்கு மட்டும், இவற்றைக் கற்றுத்தந்து பழகிய ஓர் ஆசான் அருகில் நிற்கும்போது மட்டும் முயலத்தக்கவை. உங்கள் குதிரை அந்த விருப்பத்தைக் காட்டவில்லை என்றால் பியாஃபோடு நின்றுவிடுங்கள். பியாஃபும் அதற்கு இயல்பாக வரவில்லை என்றால் ஷோல்டர்-இன்னையும் நல்ல கேண்டரையும் அதன் முதுமைவரை, வாரத்தில் சில நாள்கள், அரைமணி நேரத்துக்கு மிகாமல் செய்துவாருங்கள்.